செறிவு குறைந்ததா, சிதைந்ததா? பாலாற்றுப் படுகையில் குளோரின் கரைப்பான் மாசை ஐசோடோப்பால் கண்காணிக்கும் முழு வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் எடுத்த மாதிரியில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற குளோரின் கரைப்பான் பாதியாகக் குறைந்திருக்கும். ‘மாசு தானாகவே சிதைந்து வருகிறது’ என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். வைகாசியில் அதே போர்வெல்லில் எடுத்தால் பழைய அளவே திரும்ப வந்து நிற்கும். மழைத் தண்ணீர் கலந்து நீர்த்ததைச் சிதைவு என்று படித்ததால் வந்த பிழை இது. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இது அடிக்கடி நடக்கக்கூடியது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் வந்ததுபோல வெள்ளம் வந்தால் கரையோர நீர்மட்டம் சட்டென்று ஏறும். அப்படி ஏறி இறங்கும் இடத்தில் செறிவு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீர்த்தாலும் ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் எடை குறைந்த அணுவுக்கும் எடை கூடிய அணுவுக்கும் உள்ள விகிதம்) மாறாது, சிதைந்தால் மாறும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வேறுபாட்டைக் கெடுக்காமல் கிணற்றிலிருந்து கணக்கு வரை கொண்டுவருவதைப் பற்றியது.

1. எண் எதைச் சொல்கிறது

கரைப்பானில் உள்ள கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12. நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு கார்பன்-13. பாக்டீரியா குளோரினைப் பிடுங்கும்போது கார்பன்-12 உள்ள பிணைப்பு சற்று எளிதாக அறும். அதனால் சிதையாமல் மிஞ்சும் கரைப்பானில் கார்பன்-13இன் பங்கு கூடிக்கொண்டே போகும். இதை ஒரு பொதுத் தரப்பொருளோடு ஒப்பிட்டு, டெல்டா மதிப்பாக, ஆயிரத்தில் இத்தனை என்று, பெர்மில் அலகில் சொல்வார்கள்.

எல்லா எண்ணும் மைனஸில் வருவதால் புதிதாக வருபவர்கள் இங்கேயே தடுமாறுவார்கள். −29ஐ விட −24 கனமானது. தாய்ச்சேர்மத்தின், அதாவது சிதையத் தொடங்கிய கரைப்பானின் மதிப்பு சுழியை நோக்கி நகர்ந்தால் சிதைவு நடந்திருக்கிறது.

சிதைவின் வரிசை: பெர்குளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன், சிஸ்-டைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு, கடைசியில் எத்திலீன். பெயர்களைச் சுருக்காதீர்கள். டிரைகுளோரோ, டைகுளோரோ இரண்டையும் எழுத்துச் சுருக்கமாக்கித் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே வரும். போனில் சொன்னாலும் ஒன்றுபோலவே கேட்கும். குப்பி ஒட்டுத்தாளில் முழுப்பெயர் இருக்கட்டும். இந்த வழிகாட்டியில் மட்டும் பெர்குளோரோ, டிரைகுளோரோ, டைகுளோரோ என்று முன்பாதியால் குறிக்கிறோம்.

2. குளோரைடை ஏன் நம்பக் கூடாது

குளோரின் கழன்றால் தண்ணீரில் குளோரைடு கூட வேண்டும். அதை அளந்தால் போதாதா என்று கேட்பார்கள். மற்ற ஊர்களில் சில இடங்களில் அது உதவும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் டிரைகுளோரோ முழுவதும் சிதைந்தால் வெளிவரும் குளோரைடு 0.81 மில்லிகிராம்தான். தோல் பதப்படுத்தும் ஊர்களில் பச்சைத் தோலில் தடவிவரும் உப்பே நிலத்தடி நீரில் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் குளோரைடைக் கொண்டுவந்துவிடும். அந்தக் கடலில் இந்த ஒரு துளியைத் தேடுவது வீண்.

3. வண்டி ஏறும் முன்

லேபிடம் முதலில் பேசுங்கள். குப்பி வாங்குவது அதற்குப் பிறகு. சேர்மத்தைத் தனித்தனியாகப் பிரித்து ஐசோடோப்பு விகிதம் அளக்கும் கருவி சாதாரண நீர் ஆய்வகத்தில் இருக்காது. மூன்று கேள்வி கேளுங்கள். கார்பனுக்கு ஒவ்வொரு சேர்மமும் குறைந்தது எவ்வளவு செறிவில் இருக்க வேண்டும்? அமிலம் சேர்த்த குப்பியை ஏற்பார்களா? மாதிரி வந்து எத்தனை நாளுக்குள் கருவியில் ஓட்டுவார்கள்? நல்ல லேப் கார்பனை லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் வரை அளக்கும். குளோரின் ஐசோடோப்பும் வேண்டுமென்றால் அதற்குக் கூடுதல் செறிவும் கூடுதல் குப்பியும் தேவைப்படும்.

அடுத்தது, எல்லாக் கிணற்றிலும் சாதாரணச் செறிவு ஆய்வை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். ஒரே குப்பியில் டிரைகுளோரோ 5,000 மைக்ரோகிராமும் வினைல் குளோரைடு 5 மைக்ரோகிராமும் இருந்தால் கருவியால் ஒரே ஓட்டத்தில் இரண்டையும் சரியாகப் பார்க்க முடியாது. தனித்தனி நீர்ப்பில் ஓட்ட வேண்டும். செறிவு தெரியாமல் அனுப்பினால் பாதிக் குப்பிகள் முயற்சியிலேயே தீர்ந்துபோகும்.

மூன்றாவது, நீர்மட்டம். ஒரே நாளில் குறைந்தது மூன்று கிணற்றில் மட்டம் எடுத்து, கிணற்று வாயின் உயரத்திலிருந்து நீர் நிற்கும் ஆழத்தைக் கழித்து, ஓட்டத் திசையை வரையுங்கள். ‘ஆறு அங்கே இருக்கிறது, தண்ணீர் அங்கேதான் போகும்’ என்று எண்ணாதீர்கள். பாலாற்று மணலில் அது பெரும்பாலும் சரி. கரையை விட்டு விலகிக் கடினப்பாறைக்குள் போனால் தண்ணீர் வெடிப்பு போகிற வழியில் போகும். பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடினால் திசையே மாறும்.

நான்காவது, மூலம். பழைய பட்டறையிலோ சலவைக் கூடத்திலோ கரைப்பான் டிரம் மிஞ்சியிருந்தால் அதிலிருந்து சில மில்லி வாங்கி அதையும் அளக்கக் கொடுங்கள். தொழிற்சாலையில் செய்த பெர்குளோரோவும் டிரைகுளோரோவும் ஏறத்தாழ −23 முதல் −37 வரை எங்கும் இருக்கலாம். உங்கள் மூலத்தின் மதிப்பு தெரிந்தால் கணக்கில் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

4. எந்தக் கிணறு

மூலத்தில் ஒன்று அல்லது இரண்டு, ஓட்டத் திசையில் மூன்று அல்லது நான்கு, மேல்பக்கம் ஒன்று, ஓரத்தில் ஒன்று. இதற்குக் குறைந்தால் போக்கு தெரியாது.

திறந்த வட்டக் கிணற்றை எடுக்காதீர்கள். பத்தடி இருபதடி அகலத்தில் காற்றைப் பார்த்துக் கிடக்கும் தண்ணீரில் கரைப்பான் ஆவியாகிப் போயிருக்கும், ஆக்சிஜனும் ஏறியிருக்கும். அந்தத் தண்ணீர் பாறைக்குள் நடப்பதைச் சொல்லாது.

கம்ப்ரசர் போட்ட போரும் வேண்டாம். காற்றைக் கீழே தள்ளித் தண்ணீரை மேலே கொண்டுவரும் அமைப்பு அது. ஆவியாகும் சேர்மத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் கோபுரத்தில் செய்வதும் இதையேதான். அந்தப் போர்தான் வேண்டுமென்றால் கம்ப்ரசரை நிறுத்தி, குழாயை உருவி, சில நாள் விட்டு, வேறு பம்ப் இறக்கி எடுக்க வேண்டும்.

நம் பக்கத்துப் போர்களில் மேல்மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் மட்டும் கேசிங் இருக்கும்; கீழே நூற்றுக்கணக்கான அடி வெறும் பாறைத் துளை. இதன் ஆபத்தை ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு வெடிப்பில் 900 மைக்ரோகிராம், மதிப்பு −29. இன்னொன்றில் 100 மைக்ரோகிராம், மதிப்பு −19. அங்கே சிதைவு பலமாக நடக்கிறது. இரண்டும் சம அளவில் துளைக்குள் வந்தால் கலவையின் மதிப்பு −28. சிதைவு நடக்கும் வெடிப்பு கண்ணுக்கே தெரியாமல் போகும். அதனால் முடிந்தவரை பேக்கர் (துளையை மேலும் கீழும் அடைக்கும் ஊதுபை) கட்டி ஒரு வெடிப்பை மட்டும் பிரித்து எடுங்கள். வசதி இல்லையென்றால் போர் போட்டவரிடம் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். பல ரிக்காரர்கள் அதை நினைவில் வைத்திருப்பார்கள். பம்பை அந்த ஆழத்தில் நிறுத்துங்கள்.

இன்னொன்று: இந்தக் கரைப்பான்கள் தண்ணீரை விடக் கனம். டிரைகுளோரோவின் அடர்த்தி 1.46, பெர்குளோரோவுக்கு 1.62. ஆழம் குறைந்த கிணறு சுத்தமாக இருப்பது ஆழத்துக்கு உத்தரவாதம் தராது.

5. தண்ணீர் எடுக்கும் வரிசை

சுத்தமான கிணற்றில் தொடங்கி மூலக் கிணற்றில் முடியுங்கள். தலைகீழாகப் போனால் குழாயில் ஒட்டியது அடுத்த கிணற்றில் கழன்று வரும்.

பிளாடர் பம்ப் (காற்று தண்ணீரைத் தொடாமல் பையை அழுத்தி ஏற்றும் பம்ப்) இருந்தால் அதுவே சிறந்தது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி. கிணற்றின் மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. வேகமாக இழுத்தால் வெடிப்புகளில் இருக்கும் தண்ணீரெல்லாம் கலந்து வரும். அழுத்தம் குறைந்து வாயுவும் பிரியும். தரையில் வைத்து உறிஞ்சும் பம்ப் இங்கே பெரும்பாலும் உதவாது. 7, 8 மீட்டருக்குக் கீழே மட்டம் போனால் அது ஏற்றாது. அதற்கு முன்பே கரைப்பானைக் குமிழாக்கிவிடும்.

ஃபிளோ செல்லில் (தண்ணீர் ஓடும்போதே அளக்கும் மூடிய கலத்தில்) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிஎச், மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், ரெடாக்ஸ் (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலை) நான்கையும் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று அளவீடுகள் ஒத்துவர வேண்டும்: பிஎச் 0.1க்குள், மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள், ரெடாக்ஸ் 10 மில்லிவோல்ட்டுக்குள், ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள். அதன் பிறகு ஃபிளோ செல்லைக் கழற்றிவிட்டு, அதற்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து குப்பியை நிரப்புங்கள். செல்லைத் தாண்டி வந்த தண்ணீரைப் பிடிப்பது பலர் செய்யும் தவறு.

மோட்டார் ஒயரையும் ஸ்டார்ட்டரையும் துடைக்கும் ஸ்பிரே டப்பாவைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் இதே பெர்குளோரோ இருக்கும். வீட்டுக்காரர் உதவிக்கு வந்து மோட்டாரைத் துடைத்துக் கொடுத்தால் மாதிரி கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. குப்பி, அமிலம், ஐஸ்

40 மில்லி கண்ணாடிக் குப்பி, டெஃப்ளான் முகம் உள்ள மூடி. கார்பனுக்கு மட்டும் கிணறு ஒன்றுக்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு. எத்திலீன், மீத்தேன் போன்ற வாயுக்களுக்குத் தனிக் குப்பி.

குழாயை அடிவரை விட்டு, சலசலப்பில்லாமல் நிரப்பி, வாயில் தண்ணீர் குமிழாக எழும்பி நிற்கும்போது மூடுங்கள். கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவுக் குமிழ் மேலே ஓடினால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எடுங்கள். திறந்து மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்ப வேண்டாம். வினைல் குளோரைடு −13 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள்; மூடி திறந்த நொடியில் அது போய்விடும்.

வழியிலேயே பாக்டீரியா சிதைத்துக்கொண்டே வந்தால் மதிப்பு மாறும் என்பதால் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவருகிறோம். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்று நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நான்கைந்து சொட்டு போதும். நம் பக்கத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். சொட்டு போட்டதும் சோடாபோலப் பொங்கலாம். பொங்கினால் கார்பன் டைஆக்சைடோடு கரைப்பானும் வெளியேறும். எனவே ஒவ்வொரு கிணற்றிலும் முதலில் ஒரு உபரிக் குப்பியில் சோதியுங்கள். பொங்கினால் அமிலத்தைக் கைவிட்டு, ஐஸில் வைத்து, 7 நாளுக்குள் ஓட்டச் சொல்லுங்கள். அமிலம் சேர்த்ததற்கு 14 நாள்.

தண்ணீரில் அழுகிய முட்டை வாடை வந்தால் கவனம். அதில் சல்பைடு இருக்கிறது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முகத்தைக் குப்பிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். மூடிய அறையில் செய்யவே செய்யாதீர்கள். லேபுக்கும் சொல்லிவிடுங்கள், அவர்கள் கருவியின் எரிகுழாயைக் கந்தகம் கெடுக்கும்.

கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரி தாண்டும். கூல் பாக்ஸில் ஐஸ் கட்டிகளை நிறையப் போட்டு, குப்பிகளைப் படுக்கவைத்து, 4 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். உறையக் கூடாது, உறைந்தால் கண்ணாடி வெடிக்கும். வழியில் மாசு புகுந்ததா என்று காட்ட, லேபிலிருந்து சுத்தமான தண்ணீர் நிரப்பி வந்த டிரிப் பிளாங்க் குப்பி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளி மாலை கொடுத்தது ஞாயிறு முழுதும் கூரியர் கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.

7. கூடவே அளக்க வேண்டியவை

நைட்ரேட், இரும்பு, சல்பேட், சல்பைடு, மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன், கரிமக் கார்பன். ராணிப்பேட்டை பக்கமென்றால் ஆறு இணைதிறன் குரோமியமும் கட்டாயம்.

காரணம் இதுதான். ஆக்சிஜன், நைட்ரேட், ஆறு இணைதிறன் குரோமியம் இவை இருக்கும் வரை ரெடாக்ஸ் இறங்காது. குளோரினைக் கழற்றும் பாக்டீரியாவுக்கு முறை வராது. குரோமியம் அவற்றுக்கு நஞ்சும்கூட. சல்பேட் மிகுந்தால், அந்தப் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனுக்குப் போட்டி. வினைல் குளோரைடை எத்திலீனாக்கும் டிஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா இல்லையென்றால் சங்கிலி டைகுளோரோவிலோ வினைல் குளோரைடிலோ நின்றுவிடும். அது தொடங்கிய இடத்தை விட மோசம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வினைல் குளோரைடுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம்.

அசிட்டிலீன் ஏன்? சல்பேட் ஒடுங்கிய இடத்தில் சல்பைடும் இரும்பும் சேர்ந்து கருப்பு இரும்பு சல்பைடு படியும். அது பாக்டீரியா இல்லாமலேயே டிரைகுளோரோவைச் சிதைக்கும். டைகுளோரோ சேராமல் அசிட்டிலீன் வழியாகப் போகும். தோல் கழிவுநீர் இறங்கிய மண்ணில் இந்த வழியை விட்டுவிட்டுக் கணக்குப் போடக் கூடாது.

8. எவ்வளவு சிதைந்தது: முதல் கணக்கு

விதி இது: ஆயிரத்தோடு கூட்டிய இப்போதைய டெல்டாவை, ஆயிரத்தோடு கூட்டிய மூல டெல்டாவால் வகுங்கள். அதன் இயல்மடக்கையை எடுத்து, எப்சிலானின் (சிதையச் சிதைய டெல்டா எவ்வளவு நகரும் என்பதைக் காட்டும், ஆய்வகத்தில் அளந்த எண்ணின்) ஆயிரத்தில் ஒரு பங்கால் வகுங்கள். வருவது மிஞ்சிய பங்கின் இயல்மடக்கை.

எடுத்துக்காட்டாக மூலத்தில் டிரைகுளோரோ 2,000 மைக்ரோகிராம், −29. கீழ்க்கிணற்றில் 300 மைக்ரோகிராம், −24. 976ஐ 971ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.00514. எப்சிலான் −10 என்றால் மிஞ்சியது 0.60; சிதைந்தது 40 சதவீதம். ஆனால் செறிவு 85 சதவீதம் குறைந்திருக்கிறது. மீதிக் குறைவு நீர்த்ததால் வந்தது: நான்கு மடங்கு நீர்த்திருக்கிறது. ‘85 சதவீதம் சிதைந்தது’ என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய தவறு!

எப்சிலான் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நேர்மை வேண்டும். டிரைகுளோரோவுக்கு ஆய்வகங்களில் கிடைத்தவை ஏறத்தாழ −3இலிருந்து −16ஐயும் தாண்டிப் போகின்றன. அதே எடுத்துக்காட்டில் −5 போட்டால் சிதைவு 64 சதவீதம். −16 போட்டால் 27தான். விரும்பிய விடை வரும் எப்சிலானைத் தேடுவது மோசடிக்குச் சமம். இரண்டு ஓரத்தையும் போட்டு வீச்சாக எழுதுங்கள். முடிவெடுக்க −16 பக்கத்தை, அதாவது சிதைவைக் குறைத்துக் காட்டும் பக்கத்தை எடுங்கள். பெர்குளோரோவுக்கு எப்சிலான் சில பாக்டீரியாக்களில் சுழியை ஒட்டியே இருக்கும். அங்கே டெல்டா நகரவில்லை என்பதால் சிதைவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டைகுளோரோவும் வினைல் குளோரைடும் பெரிய எப்சிலான் உள்ளவை, பல சமயம் −20ஐ ஒட்டியோ தாண்டியோ. அவற்றில் தடயம் தெளிவாகத் தெரியும்.

அளவீட்டுப் பிழை பொதுவாக 0.5 பெர்மில். இரண்டு கிணற்றுக்கிடையே 2 பெர்மில்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் சிதைவு என்று உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2008 வழிகாட்டியும் இந்த அளவையே வைக்கிறது.

9. எங்கே நின்றுவிட்டது: இரண்டாம் கணக்கு

தாயும் பிள்ளைகளும் சேர்ந்த மொத்தத்தைப் பாருங்கள். மைக்ரோகிராமை அப்படியே போடாதீர்கள், மைக்ரோமோலாக்குங்கள். டிரைகுளோரோவை 131.4ஆல், டைகுளோரோவை 96.9ஆல், வினைல் குளோரைடை 62.5ஆல் வகுக்க வேண்டும். இதை மறந்த கணக்குகள் ஏராளம்.

மூலம் −29 என்று கொள்வோம். முதல் கிணற்றில் டிரைகுளோரோ 1 மைக்ரோமோல், −22. டைகுளோரோ 3 மைக்ரோமோல், −31. எடையிட்ட சராசரி −28.75. மூலத்தோடு ஒத்துப்போகிறது. அப்படியென்றால் டிரைகுளோரோ சிதைந்தது உண்மை, ஆனால் எல்லாம் டைகுளோரோவாகவே நிற்கிறது.

இரண்டாம் கிணற்றில் டிரைகுளோரோ 0.2, −20, டைகுளோரோ 2, −24, வினைல் குளோரைடு 0.5, −34. சராசரி −25.6. மூலத்தை விட 3.4 கனம். இலேசான கார்பன் எங்கோ போயிருக்கிறது. எத்திலீன் அளவில் அது தெரிந்தால் முழுச் சிதைவு நடக்கிறது. எத்திலீன் இல்லாமல் அசிட்டிலீன் இருந்தால் இரும்பு சல்பைடு வழி. இரண்டுமே இல்லையென்றால் உங்கள் மூல மதிப்பு சரிதானா என்று முதலில் சந்தேகியுங்கள். இரண்டு பட்டறை, இரண்டு கொள்முதல், இரண்டு வெவ்வேறு தொடக்க மதிப்பு இருந்தால் சிதைவே இல்லாமல் இப்படித் தெரியும். குளோரின் ஐசோடோப்பை அளக்கச் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். கார்பனும் குளோரினும் சேர்ந்து நகரும் சாய்வு, வழியையும் மூலத்தையும் பிரித்துக் காட்ட உதவும்.

10. திரும்ப எப்போது

ஆண்டுக்கு இரண்டு முறை: மழைக்கு முன் வைகாசியில், மழைக்குப் பின் தையில். அதே கிணறு, அதே ஆழம், அதே பம்ப், அதே லேப். தையில் செறிவு இறங்கி, டெல்டா அப்படியே நின்றால் மழை நீர்த்திருக்கிறது. செறிவு அப்படியே இருந்து டெல்டா ஏறினால் மூலத்திலிருந்து புதிதாகக் கரைந்து வந்துகொண்டே சிதைவும் நடக்கிறது; மூலத்தை எடுக்காமல் காத்திருப்பதில் பயனில்லை.

எந்தச் சுற்றிலாவது குடிக்கிற போரில் வினைல் குளோரைடு தெரிந்தால் ஐசோடோப்பு அறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்: இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், கொதிக்கவைத்தால் அது சமையலறைக் காற்றில் கலக்கும், வீட்டு ஃபில்டரில் உள்ள கரியும் ஆர்.ஓ.வும் வினைல் குளோரைடைச் சரியாகப் பிடிக்காது. பஞ்சாயத்துத் தொட்டிக்கு அந்தப் போரிலிருந்து போகும் வால்வை மூடச் சொல்லி, எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.